எந்தக் கால், பிள்ளை?

நேயர்களுக்கு வணக்கம். மாற்றுத்திறனாளிகள் தங்களை மறைக்காமல் வீதியில் ஊர்வலமாகப் போகும் பெருமை நடையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். ‘பெருமை’ என்ற சொல் முதலில் எனக்கு இடறியது. எங்கள் ஊரில் ஒருத்தியை ‘பெருமை பிடித்தவள்’ என்றால் அது நல்ல பேச்சில்லையே. ஆனால் வெட்கத்திலேயே வளர்ந்தவளுக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது.

1996 இல் எனக்கு ஒன்பது வயது. போரில் இடம்பெயர்ந்து போனவர்கள் யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். விறகு பொறுக்கப் போன வளவில் மிதிவெடி. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பிறகு ‘ஜெய்ப்பூர் கால்’ என்ற செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகினேன். ரப்பர் பாதம், செருப்பில்லாமல் கோவில் வீதி சுற்றலாம், சேற்றிலும் இறங்கலாம். நடக்கப் பழகியதைவிட அதை மறைக்கத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். “சபை சந்தியிலை காலைக் காட்டாதை பிள்ளை” என்பார் அம்மா. என் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயம் அவருக்கு.

அதே 1996 இல்தான் இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி வரவில்லை.

பெருமை நடை என்பது 1990 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில், உரிமைச் சட்டம் கேட்டு வந்தவர்கள் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கி, வாஷிங்டன் நாடாளுமன்றப் படிகளில் தவழ்ந்து ஏறினார்கள். ஜூலையில் சட்டம் வந்தது. அந்தப் படிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

சரி, எங்கள் நடைக்கு வருகிறேன். போன டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். விடிய மழை பெய்து ஆஸ்பத்திரி வீதியெல்லாம் தண்ணீர். சக்கர நாற்காலிக்காரர் முன்னுக்கு. பின்னால் வெள்ளைப் பிரம்புடன் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி சிலர். காது கேளாத பிள்ளைகள் சைகையில் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார்கள். கை தட்ட வேண்டிய இடத்தில் அவர்கள் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைக்க, பார்த்துப் பார்த்து நாங்களும் அப்படியே செய்தோம்.

நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில்தான் ஒன்று உறைத்தது. எனக்கு மூச்சு வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில், கலியாண வீட்டில், செத்த வீட்டில், எங்கேயும் மற்றவர்களின் வேகத்துக்கு இழுபட்டு, “கொஞ்சம் பொறுங்கோ” என்று கேட்டே பழகியவள் நான். அன்றைக்கு ஊர்வலம் முழுக்க, எல்லாரிலும் மெதுவாகப் போகிறவரின் வேகத்தில் போனது. யாரும் யாரையும் பொறுக்கச் சொல்லவில்லை.

பஸ் நிலையத்தடியில் சுவீப் டிக்கெட், அதாவது லொத்தர்ச் சீட்டு, விற்கும் ஐயா ஒருவர் இருக்கிறார். ஊன்றுகோலுடன் அதே இடத்தில் பல வருடம். வேலைக்குப் போகும்போது தினமும் அவரைக் கடந்து போவேன், முகம் பார்த்ததில்லை. அவரைப் பார்த்தால் என்னையும் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். இதை இன்று சொல்லவும் தொண்டை வரளுகிறது. ஊர்வலத்தைக் கண்டதும் அவர் டிக்கெட் பலகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். என் பக்கத்தில் நடந்தார். நாலைந்து எட்டுக்குள் என் நடையைக் கண்டுபிடித்துவிட்டார்.

“எந்தக் கால், பிள்ளை?”

“இடது, ஐயா.”

“எனக்கும் இடதுதான். மழைக்குக் குத்துமே?”

“குத்தும்.”

இல்லாத கால் மழை நாளில் நோகும் என்று அம்மாவுக்குக்கூட நான் விளக்கிச் சொன்னதில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியால் நூலகப் பக்கம் போகும்வரை அதைப் பற்றியே கதைத்தோம். வீதி ஓரத்தில் நின்ற சனம் பார்த்துக்கொண்டே நின்றது. வழமையில் என் காதில் விழும் ‘ஐயோ பாவம்’ அன்றைக்கு விழவில்லை. விழுந்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டேன், எங்களுக்குக் கதை அவ்வளவு இருந்தது.

அடுத்த நாள் காலை, பஸ் ஏறப் போகிறேன். நடத்துனர் வழமைபோல “கெதியா ஏறுங்கோ, கெதியா” என்றார். நான் மிதிபலகையில் ஒரு காலை வைத்து நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்: “பொறுங்கோ தம்பி, இது செயற்கைக் கால்.” பஸ் பொறுத்தது. ஐயா டிக்கெட் பலகைக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைத்தார்.