அலமாரியில் இருந்தது யார் பணம்?

வீடியோ கேம் கடைகள் ஏன் மூடிப்போயின என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்: எல்லோரும் டவுன்லோடு பண்ண ஆரம்பித்துவிட்டார்கள், அப்புறம் கடைக்கு யார் போவார்கள்? அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இன்றைக்கு நான் பேச வந்திருக்கும் பிரிட்டனின் கேம் குரூப் என்ற வீடியோ கேம் கடைச் சங்கிலி 2012 மார்ச்சில் விழுந்தபோது, அந்த நாட்டில் பெரிய விளையாட்டுகள் இன்னும் டிஸ்க்காகத்தான் விற்றுக்கொண்டிருந்தன. அதே மாதம் வெளியான ‘மாஸ் எஃபெக்ட் 3’க்கு ஆட்கள் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். வாங்க ஆள் இருந்தும் கடையில் சரக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் பேசப் போகிறேன், கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தக் கடை எதில் காசு பார்த்தது? புது விளையாட்டில் கடைக்கு நிற்பது கொஞ்சம்தான், போதாததற்கு சூப்பர் மார்க்கெட்காரர்கள் கூட்டம் சேர்ப்பதற்காக அதையே இன்னும் விலை குறைத்து விற்பார்கள். நல்ல லாபம் பழைய டிஸ்க்கில் இருந்தது. ஒரு பையன் ஆடி முடித்த விளையாட்டைக் கொண்டுவந்து கொடுப்பான், கடை அதற்கு ஒரு விலை போட்டு, அந்தத் தொகையை அவன் வாங்கும் புது விளையாட்டில் கழித்துக்கொள்ளும், பிறகு பழையதை நல்ல லாபம் வைத்து வேறொருவருக்கு விற்கும். விளையாட்டை வெளியிட்ட கம்பெனிக்கு இந்த இரண்டாவது விற்பனையில் ஒரு பைசா வராது. அவர்களுக்கு இதில் பல வருட எரிச்சல், அதைத் தனியாகவே பேசலாம். இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பையன் பழையதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவதே புதியது வந்திருப்பதால்தான். புதியது நின்றால் பழையதும் நிற்கும்.

2007இல் இவர்கள் போட்டிக் கடையான கேம்ஸ்டேஷனை பிளாக்பஸ்டரிடமிருந்து 7 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். அப்போது ‘வீ’, எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 ஆகிய கன்சோல்கள், அதாவது விளையாட்டு இயந்திரங்கள், சக்கைப்போடு போட்ட காலம், யாரும் தப்பென்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வாங்கிய பிறகு பல ஊர்களில் ஒரே கடைத்தெருவில் ஒரே முதலாளிக்கு இரண்டு கடை, இரண்டு வாடகை. கன்சோல் வியாபாரம் ஏறி இறங்கும் வியாபாரம், ஒரு தலைமுறை இயந்திரம் பழசாகி அடுத்தது வரும்வரை விற்பனை தொய்ந்துதான் கிடக்கும். பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013 நவம்பரில். 2011, 2012 என்று அந்தத் தொய்வின் அடிமட்டத்தில், அறுநூறுக்கும் மேற்பட்ட கடைகளின் வாடகையைச் சுமந்துகொண்டு நின்றார்கள்.

சரி, தொய்வு எல்லாக் கடைக்கும் வருவதுதானே? இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெளியீட்டாளர்கள் கடைக்குச் சரக்கைக் கடனில் அனுப்புவார்கள், விற்றுவிட்டுப் பிறகு கொடுத்தால் போதும். அந்தக் கடனுக்கு அவர்கள் காப்பீடு எடுத்திருப்பார்கள், கடை திவாலானால் காப்பீட்டுக் கம்பெனி நஷ்டத்தைக் கட்டும். கிறிஸ்துமஸ் விற்பனை சுகமில்லை, வங்கிக் கடனின் நிபந்தனைகள் மீறப்படலாம் என்று செய்தி கசிந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கையை எடுத்துவிடுவார்கள். காப்பீடு போனால் வெளியீட்டாளர் ரொக்கம் கேட்பார், ரொக்கம் இருந்தால் கடை ஏன் கடனில் வாங்கப் போகிறது? 2012 பிப்ரவரி கடைசியில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற வெளியீட்டாளரின் புது விளையாட்டுகள் தங்களிடம் கிடைக்காது என்று கேம் குரூப்பே அறிவிக்க வேண்டியதாயிற்று, ‘மாஸ் எஃபெக்ட் 3’ அதில் ஒன்று. நின்டெண்டோவின், கேப்காமின் புது விளையாட்டுகளும் வரவில்லை. நாட்டின் பெரிய விளையாட்டுக் கடைச் சங்கிலியிலேயே மாதத்தின் பெரிய விளையாட்டு இல்லை என்றால், வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் அதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த அடி வாடகை. இங்கிலாந்தில் கடை வாடகையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டியே கட்டும் வழக்கம் உண்டு, மார்ச் 25 அப்படி ஒரு தவணை நாள். அந்தத் தவணை 2 கோடியே 10 லட்சம் பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. மார்ச் 21ஆம் தேதி பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. தவணை நாளுக்கு மறுநாள், 26ஆம் தேதி, பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனத்தார் திவால் நிர்வாகிகளாகப் பொறுப்பேற்று அன்றே 277 கடைகளை மூடினார்கள். 2,104 பேருக்கு வேலை போயிற்று. அயர்லாந்தில் மூடப்பட்ட கடைகளில் ஊழியர்கள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். கிஃப்ட் கார்டு வைத்திருந்தவர்களுக்கும், பாயின்ட் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கும் ‘இப்போதைக்குச் செல்லாது’ என்ற பதில்தான் கிடைத்தது. வாடிக்கையாளரும் கடைக்குக் கடன் கொடுத்தவர்தான், அது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

மறுநாள் என்றேனே, அதை லேசாக விட்டுவிடாதீர்கள். அன்றைய தீர்ப்புகளின்படி, நிர்வாகி வருவதற்கு முன்பே கெடு வந்துவிட்ட வாடகை பழைய கடன் ஆகிவிடும், கட்டட உரிமையாளர் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதாவது 26ஆம் தேதி வந்தவர்கள் திறந்திருந்த 333 கடைகளையும் அந்த மூன்று மாதத்துக்கு வாடகை கொடுக்காமலே நடத்தலாம். சட்டப்படி சரி, ஆனால் உரிமையாளர்களுக்கு வயிறு எரியாதா? வழக்குப் போட்டார்கள். 2014 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தீர்ப்புகளைத் தள்ளிவிட்டு, நிர்வாகிகள் எத்தனை நாள் கடையைப் பயன்படுத்துகிறார்களோ அத்தனை நாளுக்கும் தினக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும் என்றது. வழக்கில் பேசப்பட்ட தொகை மட்டும் சுமார் 1 கோடி பவுண்டு. இங்கிலாந்தில் இன்றைக்கு எந்தக் கடைச் சங்கிலி திவாலானாலும் இந்தத் தீர்ப்புதான் நிற்கிறது.

மிச்சக் கடைகளை ஆப்கேப்பிட்டா என்ற முதலீட்டு நிறுவனம், வங்கிக் கடனையும் ஏற்றுக்கொண்டு, 1 பவுண்டு கொடுத்து வாங்கியது. கிஃப்ட் கார்டுகளும் மறுபடி செல்லுபடியாயின. ஆஸ்திரேலியக் கடைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அதே வருடம் எல்லாம் மூடின. பிறகு வெளியீட்டாளர்கள் சரக்கு தர ஆரம்பித்தார்கள், புதுக் கன்சோல்கள் வந்தன, 2014 ஜூனில் அதே வியாபாரம் லண்டன் பங்குச் சந்தைக்குத் திரும்பியபோது அதன் மதிப்பு 34 கோடி பவுண்டு! டவுன்லோடுதான் கொன்றது என்றால் இந்த இரண்டு வருட அதிசயத்தை எப்படி விளக்குவீர்கள்? டவுன்லோடின் அடி அப்புறம்தான் பலமாக விழுந்தது. 2019இல் விளையாட்டு உடைகள் விற்கும் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அதை வாங்கியது சுமார் 5 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு. 2024 பிப்ரவரியில் கடைகள் பழைய டிஸ்க் வாங்குவதையே நிறுத்திவிட்டன. டிஸ்க் போடும் வசதியே இல்லாத கன்சோல்கள் விற்கும் காலத்தில் யாரும் அதற்குப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், வாடகை வழக்கைப் பற்றி என்றால் இன்னும் சந்தோஷம்.