அடித்தது புல்லை, மிரண்டது பாம்பு

எல்லோருக்கும் வணக்கம்.

ராத்திரியில் வரப்பு மேல் நடக்கிறவர் கையில் ஒரு கம்பு இருக்கும். தரையைத் தட்டிக்கொண்டே போவார். பாம்பு இருந்தால் அதுவாக விலகிப் போகட்டும் என்றுதான். சீன மொழியில் 'டா ட்சாவ் ஜிங் ஷெ' என்று ஒரு மரபுத்தொடர் உண்டு. நான்கே எழுத்து. புல்லை அடித்துப் பாம்பை மிரட்டுவது என்று பொருள். கேட்டால் வயலில் பிறந்த பேச்சு மாதிரி இருக்கும். பிறந்தது ஒரு சர்க்கார் கச்சேரியில்.

பத்தாம் நூற்றாண்டு. தாங் பேரரசு உடைந்து சிதறிய காலம். தெற்கே, இன்றைய நான்ஜிங் நகரைத் தலைநகராகக் கொண்டு, 937 முதல் 975 வரை தென் தாங் என்றொரு அரசு இருந்தது. நான்ஜிங்கிலிருந்து யாங்சி ஆற்றின் போக்குக்கு எதிராகக் கொஞ்ச தூரம் போனால் டாங்டூ. கவிஞர் லீ பாய் 762-இல் இறந்த ஊர் அது. அவருக்குக் கடைசிக் காலத்தில் அடைக்கலம் கொடுத்து, கவிதைகளைத் தொகுத்து முன்னுரையும் எழுதிய உறவினர் லீ யாங்பிங், அந்த ஊரின் நிர்வாகியாக இருந்தவர். அதே பதவிக்குப் பின்னாளில் வந்தவர்தான் வாங் லூ என்ற நம்ம கதாநாயகர். நாற்காலிக்கு யார் வந்து உட்கார்ந்தாலும் ஒன்றுதானே!

அந்தப் பதவி லேசுப்பட்டதல்ல. வரி வசூல், வழக்கு விசாரணை, ஊர்க்காவல் எல்லாம் அந்த ஒருவர் கையில். தாசில்தாரும் நீதிபதியும் போலீஸ் இன்ஸ்பெக்டரும் ஒரே ஆளாக உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங் லூவுக்குப் பணம் சேர்ப்பதே வேலை. ஊர் மக்கள் பொறுத்துப் பார்த்தார்கள். அப்புறம் பலர் சேர்ந்து ஒரு புகார் மனு கொடுத்தார்கள். அவர் மேல் இல்லை. அவருக்குக் கீழே பதிவேடுகளைப் பார்த்துவந்த அதிகாரி லஞ்சம் வாங்குகிறார் என்று.

சரி, பதிவேடு அவர் கையில், முத்திரை இவர் கையில். ஒரு கை நனைந்தால் இன்னொரு கை காய்ந்திருக்குமா? மனுவைப் படித்த வாங் லூ, தீர்ப்பு எழுத வேண்டிய இடத்தில் எட்டே எழுத்து எழுதினார்: "நீங்கள் அடித்தது புல்லைத்தான், ஆனாலும் நான் மிரண்ட பாம்பாகிவிட்டேன்."

தென் தாங் அரசு வீழ்ந்த பின், அங்கே பணியாற்றிய ஜெங் வென்பாவ் எழுதி வைத்த குறிப்புகளில் இது இருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துத் தன்னையறியாமல் எழுதிவிட்டார் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ அவர் அறிந்தே எழுதினார் என்று தோன்றுகிறது. அவ்வளவு கச்சிதமாக, நாலுக்கு நாலாக, எதுகை பார்த்தது மாதிரி வந்து விழுகிற வாக்கியம் நடுங்குகிற கையிலிருந்து வருமா? 'புரிந்துவிட்டது, போய் வாருங்கள்' என்று அரைச் சிரிப்போடு எழுதின மாதிரி இருக்கிறது.

இனிமேல்தான் விஷயமே. வாங் லூ எழுதியதில் 'பாம்பு மிரண்டது'. மிரள்வது பாம்பு, அதாவது அதிகாரி. பின்னால் மரபுத்தொடராக உருண்டு வந்தபோது சொல் இடம் மாறி, 'பாம்பை மிரட்டுவது' ஆகிவிட்டது. செய்கிறவர் இப்போது கம்பு வைத்திருப்பவர்! போருக்கான '36 தந்திரங்கள்' என்ற நூலில் இது பதின்மூன்றாவது. அங்கே, சந்தேகம் வந்தால் தட்டிப் பார், நிலவரம் தெரிந்த பிறகு நகரு என்று பாராட்டுப் பொருள்தான். ஆனால் இன்றைக்குச் சீனர்கள் தினப்பேச்சில் இதைச் சொன்னால், அவசரப்பட்டு எதிராளியை உஷார்ப்படுத்திவிடாதே என்று அர்த்தம். துப்பறியும் தொடர்களில் மேலதிகாரி கீழே இருப்பவர்களிடம் ஓயாமல் சொல்லும் வசனம் இது. மனு கொடுத்த மக்களின் கதை எங்கே போனது பாருங்கள். அன்று புல்லை அடித்தது ஊரார் செய்த நல்ல காரியம். இன்று அது அசட்டுத்தனம்.

ஆனால் பழைய பொருள் செத்துவிடவில்லை. 2013 ஜனவரியில் ஷி ஜின்பிங் 'புலிகளையும் ஈக்களையும் சேர்த்தே அடிப்போம்' என்று அறிவித்தார். ஊழல் செய்கிற பெரிய தலைகள் புலிகள், சின்ன அதிகாரிகள் ஈக்கள். அது ஊழலை ஒழித்ததா, எதிரிகளை ஒழித்ததா என்பது தனி விவாதம், அதற்கு இன்னொரு மாலை வேண்டும். நான் பார்ப்பது அடி விழுந்த வரிசையை. நாட்டின் காவல் துறையையும் நீதித் துறையையும் தன் கைக்குள் வைத்திருந்த சோ யோங்காங்கை யாரும் முதலில் தொடவில்லை. அவருடைய முன்னாள் செயலாளர் குவோ யோங்ஷியாங் 2013 ஜூனில் விசாரணைக்குள் வந்தார். செப்டம்பரில், எண்ணெய்த் துறையில் சோவுக்கு நெருக்கமான ஜியாங் ஜியேமின். 2014 பிப்ரவரியில் இன்னொரு முன்னாள் செயலாளர் ஜி வென்லின். புல் ஒவ்வொரு பக்கமாகச் சரிந்துகொண்டே வந்தது. நடுவில் இருப்பவர் எட்டு எழுத்து எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, நாடே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மீதான விசாரணையை 2014 ஜூலையில்தான் அறிவித்தார்கள்.

2015 ஜூனில் தியான்ஜின் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீடு செய்யப் போவதில்லை என்றார். அந்த நாளில் சீனத் தலைவர்கள் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசாமல் வெளியே வந்தது அபூர்வம். இவருக்கும் எப்போதும் கருகருவென்றுதான் இருக்கும். தீர்ப்பன்று தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லையாம். தலை முழுக்க வெள்ளை.