இங்கிலீஷ் பழக அஞ்சு ஆப் வேண்டாம், ஒரு ஆடியோ போதும்

வணக்கம் மக்களே. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வீட்டிலிருந்தே இங்கிலீஷ் பழக இணையத்தில் இலவசமாக என்ன இருக்கிறது என்றால், ஏகப்பட்டது இருக்கிறது, தொல்லையே அதுதான். போனில் நாலைந்து ஆப்பை இறக்கி வைத்துக்கொண்டு இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று தாவினால் ஒரு வாக்கியம்கூட வாயில் நிற்காது. அதனால் பட்டியல் வாசிக்கப்போவதில்லை, ஒன்றை எடுத்து அதை எப்படிப் பிழிவது என்று சொல்கிறேன்.

பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' என்று ஒரு நிகழ்ச்சி. ஆறு நிமிடம்தான். இரண்டு பேர் ஏதாவது ஒரு விஷயத்தைப் பேசுவார்கள், ஆரம்பத்தில் ஒரு கேள்வி போட்டுவிட்டு விடையைக் கடைசியில்தான் சொல்வார்கள், நடுவில் வந்த சொற்களையும் திரும்ப எடுத்து விளக்குவார்கள். இதெல்லாம் சரி, ஆனால் எனக்குப் பிடித்தது, பேசியது முழுக்க எழுத்தாகவும் அங்கேயே கிடைப்பதுதான்.

முதல் தடவை எதையும் பார்க்காமல் கேளுங்கள், புரியாவிட்டால் பரவாயில்லை. அப்புறம் எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். பிறகுதான் உண்மையான வேலை: ஒரு வரி ஓடவிடுங்கள், நிறுத்துங்கள், அதே வேகத்தில், அதே ஏற்ற இறக்கத்தோடு சத்தமாகச் சொல்லுங்கள். மனதுக்குள் இல்லை, சத்தமாக! வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நமக்கு 'பஸ்' என்று நிறுத்த வராது, 'பஸ்ஸு' என்று ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும், அதையெல்லாம் கண்ணால் படித்துப் போக்க முடியாது.

சரி, நான் சொல்வது சரியா என்று யார் சொல்வது? போன் கீபோர்டில் மைக் படம் இருக்கிறதல்லவா, மொழியை இங்கிலீஷுக்கு மாற்றி அதை அழுத்திவிட்டு அதே வரியைச் சொல்லுங்கள். அது வேறு ஏதாவது டைப் செய்தால் அந்தச் சொல்லில் ஏதோ இடறுகிறது. ஆனால் முழுசாக நம்பிவிடாதீர்கள், முன்பின் சொற்களை வைத்து அதுவே ஊகித்து நம் தப்பை மூடிவிடும். சந்தேகம் வந்த சொல்லைக் கேம்பிரிட்ஜ் அகராதித் தளத்தில் போட்டால் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். யூகிளிஷ் என்ற தளம் இன்னும் சுவாரஸ்யம்: ஒரு சொல்லைத் தட்டினால், யூடியூப் வீடியோக்களில் ஆட்கள் அதைச் சொல்லும் இடங்களாகப் பார்த்து ஓட்டிக் காட்டும்.

பிபிசி கஷ்டமாக இருந்தால் கவலைப்படாதீர்கள், அது நடுத்தர நிலைக்காரர்களுக்கானது. பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளத்தில் ஏ1 என்ற ஆரம்ப நிலையிலிருந்து தொடங்கலாம், அங்கும் ஆடியோவோடு எழுத்து உண்டு, முறை இதேதான்.

லிப்ரிவாக்ஸையும் பலர் சொல்வார்கள். 2005-லிருந்து தன்னார்வலர்கள் புத்தகங்களை வாசித்து இலவசமாகப் போடுகிறார்கள், நல்ல காரியம்தான். ஆனால் காப்புரிமை முடிந்த பழைய புத்தகங்கள், அந்த நடையில் கடையில் போய்ப் பேசினால் திரும்பிப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் வேண்டாம்.

ஒரு விஷயம், டேட்டா குறைவாக இருப்பவர்கள் வீடியோ பக்கமே போகாதீர்கள். வைஃபை கிடைக்கும்போது ஆடியோவையும் எழுத்து இருக்கும் பிடிஎஃப்பையும் டவுன்லோட் செய்துகொண்டால், மொட்டைமாடியில் நெட் இல்லாமலே நடந்துகொண்டு சொல்லிப் பார்க்கலாம்.