மனசைப் படிக்கும் திறனுக்கு மார்க் போடலாமா?

நண்பர்களே, வணக்கம். "அடுத்தவர் மனநிலை எனக்கு நன்றாகப் புரியும்" என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள். அநேகமாக எல்லோருமே தூக்கிவிட்டீர்கள். ஆள் எடுக்கும்போது பல இடங்களில் இதையேதான் கேட்டு, சொன்ன பதிலுக்கு மார்க் போடுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. கணக்கு வரும் என்று ஒருவர் சொன்னால் நம்பி நூற்றுக்கு நூறு போடுவோமா? ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்வோம்.

தன் உணர்ச்சிகளையும் பிறர் உணர்ச்சிகளையும் புரிந்து கையாள்வதை உணர்வு நுண்ணறிவு என்கிறார்கள். அதையும் அப்படிப் பார்க்கலாம் என்றவர்கள் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள். 1990இல் அதை ஒரு திறன் என்று எழுதினார்கள். பிறகு டேவிட் கருசோவும் சேர்ந்துகொள்ள, மூவர் பெயரிலும் 2002இல் ஒரு தேர்வு வந்தது. 141 கேள்விகள். ஒரு முகத்தின் படத்தைக் காட்டி, இதில் பயம் எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று ஐந்து படிகளில் குறிக்கச் சொல்வார்கள். இன்னொரு பகுதியில் ஒருவருடைய சூழ்நிலையைச் சொல்லி, என்ன செய்தால் அவர் மனம் ஆறும் என்று கேட்பார்கள்.

சரி, எது சரியான விடை? அதை யார் சொல்வது? என்னை அதிகம் உறுத்தும் கேள்வி இது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சொன்ன பதில்களோடு ஒப்பிடுவது ஒரு வழி. உணர்ச்சிகளை ஆராயும் 21 நிபுணர்களின் பதிலோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஆனால் நூறு பேர் கண்ணுக்குத் தப்பிய வருத்தத்தை ஒருவர் மட்டும் கண்டுபிடித்தால், பெரும்பான்மைக் கணக்கில் அவருக்கு மார்க் குறையும். நம் ஊரில் சிரித்துக்கொண்டே "பரவாயில்லைங்க" என்பவரின் மனத்தாங்கலை வெளிநாட்டு விடைத்தாள் எப்படி அளக்கும்? கேள்விகளைத் தமிழாக்கினால் போதாது, விடைகளும் நம் மக்களிடமிருந்து வர வேண்டும்.

குறை இருந்தாலும், வெறுமனே கேட்டு எழுதிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். தன்னைப் பற்றித் தானே சொல்வதும் தேர்வில் வாங்குவதும் பெரிதாக ஒத்துப்போவதில்லை. 2014இல் வந்த ஓர் ஆய்வில், மிகக் குறைவாக வாங்கியவர்கள்தான் தங்களை உள்ளதைவிட மிக அதிகமாக மதிப்பிட்டிருந்தார்கள். மதிப்பெண்ணைக் காட்டியபோது, தேர்வில்தான் கோளாறு என்றார்கள்.

வேலையில் இதற்கு என்ன இடம்? அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். மருத்துவர் சொன்னதற்கெல்லாம் அம்மா தலையாட்டினார். மருத்துவர் போனதும், பக்கத்தில் நின்ற நர்ஸ் கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்றார். அம்மா அழுது முடிக்கும்வரை காத்திருந்து, மருத்துவர் சொன்னதை முதலிலிருந்து விளக்கினார். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை என்பது எனக்குக்கூடத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் பில் போட்டவர் தலை நிமிரவே இல்லை. கணக்கில் ஒரு பைசா பிசகில்லை.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வந்த ஆய்வும் இதைத்தான் காட்டியது. மனிதர்களின் உணர்ச்சிகளோடு நாள் முழுக்கப் புழங்கும் வேலைகளில் இந்தத் திறன் கைகொடுக்கிறது, மற்றவற்றில் அப்படி இல்லை. ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த நர்ஸ் வேலைக்கு வருபவரை இப்படிச் சோதித்துப் பாருங்கள். பில் போடுபவரை அவர் கணக்கோடு விட்டுவிடுங்கள்.