ஆக்சிலைக் கட்டுங்கள், உடம்பைக் கட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் இருந்து கேட்பவர்களுக்கு லாரியைப் பற்றிச் சொல்ல நான் தேவையில்லை. ஆனால் ஓடாத லாரியை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டால், லாரிக்காரர்களே ஆளுக்கொன்று சொல்வார்கள். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

டாடாவும் டெய்ம்லர்-பென்ஸும் 1954-ல் கைகோத்து, 1969 வரை சேர்ந்து லாரி செய்தார்கள். முன்னால் மூக்கு நீண்டு, அதில் பென்ஸ் நட்சத்திரம் இருக்கும். அந்த வண்டிகள் சில இன்னும் தோப்பிலும் கொட்டகையிலும் நிற்கின்றன. அப்பா ஓட்டிய வண்டி, தாத்தா வாங்கிய முதல் வண்டி என்று பிள்ளைகள் இப்போது தேடிப் போய் எடுத்து வருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எஃப்.சி., அதாவது ஓடத் தகுதியான வண்டி என்ற சான்று, இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டிவர முடியாது. 2021-ல் வந்த பழைய வாகனப் பதிவு விதி, 50 வயது தாண்டிய இரு சக்கர வண்டிக்கும் காருக்கும்தான். சரக்கு லாரிக்கு அதில் இடமில்லை. அதனால் லோ பெட், அதாவது வண்டியை மேலே ஏற்றிக் கொண்டுபோகும் தாழ்வான தட்டு டிரெய்லர்தான் வழி.

அப்படி ஒன்றை எடுக்க ஒரு முறை கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்குப் போயிருந்தோம். இன்ஜின் இறுகிப் போயிருந்தது. டயருக்கு மட்டும் மாற்று டயர் கொண்டுபோய் மாட்டிவிட்டோம். காற்று நிற்காத டயரோடு சாய்தளத்தில் ஏற்றினால் ரிம் வழுக்கும். லோ பெட் ஓட்டிவந்த பெரியவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. தன் டிரெய்லரின் வாலைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம், "ரெண்டு தடிக்கட்டை வேணுமுங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். "வால் இறங்கினா தலை தூக்கும் தம்பி" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். டிரெய்லரின் பின்பக்கம் வழியாக லாரியை ஏற்றும்போது, முதலில் எடை எல்லாம் டிரெய்லரின் வாலில் விழுகிறது. வால் அமுங்கினால் முன்பக்கம் எழும்பி, இழுக்கும் வண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். ஹேண்ட் பிரேக் பிடித்திருப்பதோ அந்தப் பின்சக்கரத்தில்தான். பிடி விட்டது என்றால் லோ பெட்டும் லாரியும் சேர்ந்து நகரும். அதற்குத்தான் வாலுக்கடியில் கட்டை. சமதளமான இடத்தில் ஏற்ற வேண்டும் என்பதும் இதனால்தான்.

அப்புறம் வின்ச், அதாவது கம்பி வடத்தைச் சுருட்டி இழுக்கும் உருளை, போட்டு இழுத்தோம். கம்பி வடம் இழுபடும்போது அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். லாரியின் பின்னாலும் ஆள் கூடாது. பக்கவாட்டில் நின்று, லாரி ஓர் அடி ஏறினால் சக்கரத்துக்குக் கட்டையை ஓர் அடி தள்ளிக் கொடுக்க வேண்டும். பழைய வண்டியின் பிரேக்கை நம்பி யாரும் ஏற்றாதீர்கள்.

இப்போது நான் எங்கே போனாலும் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டில்கூட இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். சங்கிலியை ஆக்சிலில் கட்டுங்கள், சேஸில் கட்டாதீர்கள். ஆக்சில் என்பது இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு, சேஸ் என்பது உடம்பைத் தாங்கும் இரும்புச் சட்டம். லாரியின் உடம்பு ஸ்பிரிங் பட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் சேஸை இறுக்கிக் கட்டுகிறீர்கள். வேகத்தடையில் டிரெய்லர் குதிக்கிறது, பட்டை இன்னும் அமுங்குகிறது, சங்கிலி தளர்கிறது, கொக்கி நழுவப் பார்க்கிறது. மறுநொடி உடம்பு மேலே எழும்புகிறது, சங்கிலி வெடுக்கென்று இழுபடுகிறது. நின்று தாங்கும் பாரத்தில் அறாத சங்கிலி, இந்த வெடுக்கில் அறும். ஆக்சிலுக்கும் டிரெய்லருக்கும் நடுவே டயர் மட்டும்தான். அங்கே ஆட்டம் குறைவு. சிலர் பட்டை முழுக்கப் படியும்வரை சேஸை இறுக்கிவிடலாம் என்பார்கள். புது வண்டிக்குச் சரி. நாற்பது வருடம் துருப்பிடித்த பட்டைக்கு அது தண்டனை, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட் உடையும். உயரமான பாடி பக்கவாட்டில் ஆடுகிறது என்றால், அதற்கு மட்டும் தனியாகப் பெல்ட் போடுங்கள். ஆனால் பாரம் ஆக்சிலில். கட்டும்போது பிரேக் குழாயிலும் ஸ்டியரிங் கம்பியிலும் சங்கிலி படக் கூடாது. பம்பரில் கட்டுகிறவர்களைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

எத்தனை சங்கிலி? நான்கு மூலைக்கும் தனித்தனியாக நான்கு, குறைந்தது. இரண்டு முன்னே இழுக்க வேண்டும், இரண்டு பின்னே. ஐரோப்பியக் கணக்கில், சடன் பிரேக் போட்டால் சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னே தள்ளும். பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதம். ஐந்து டன் வண்டி என்றால் நான்கு டன் உங்கள் முதுகை நோக்கி வரப் பார்க்கிறது. நைலான் கயிறு இதற்கு ஆகாது.

நாங்கள் தொப்பூர் கணவாய் வழியாக வந்தோம். இறக்கத்தில் நியூட்ரல் போட்டு, பிரேக் சூடேறி, எத்தனை லாரிகள் அங்கே போயிருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். பெரியவர் இறக்கத்துக்கு முன்பே ஓரங்கட்டினார். இறங்கி, ஒவ்வொரு சங்கிலியையும் லிவரால் தட்டிப் பார்த்தார். ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது, இறுக்கினார். முதல் கியர்களிலேயே இறக்கினார். அமெரிக்காவில் முதல் 80 கிலோமீட்டருக்குள் சரக்கைக் கட்டியது சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்று விதியே உண்டு. எழுதி வைத்த விதி இல்லாமலே அதைச் செய்கிற டிரைவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். உயரம், இன்சூரன்ஸ், இறக்குவது மூன்றும் பாக்கி. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்றிய பிறகு உச்சியிலிருந்து தரைவரை டேப் வைத்து அளந்து பாருங்கள். ரயில்வே கேட்டின் உயரக் கம்பியும் தாழ்ந்த மின்கம்பியும் உங்களுக்காக விலகாது. லோ பெட்டின் இன்சூரன்ஸ் மேலே இருக்கும் லாரிக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள், அது சரக்கு. தனியாகக் கேட்டு எடுங்கள். இறக்கும்போது முதலில் சக்கரக்கட்டை, அடுத்து வின்ச் வடத்தை மாட்டி இறுக்குவது, அதற்கப்புறம்தான் சங்கிலியைக் கழற்றுவது. வணக்கம்.