யூகேஜி, ஐந்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு: மூன்று டப்பாவுக்கும் ஒரே சமையல் போதுமா?

சரி, அடுத்த கேள்வி பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா அனுப்பியது. வாசிக்கிறேன். "மேடம், எனக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி யூகேஜி, அடுத்தவன் ஐந்தாம் வகுப்பு, மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. ஏழரைக்கு வேன் வந்துவிடும். ஒரே சோற்றை மூன்று டப்பாவில் போட்டு அனுப்புவது தப்பா? கடைக்குட்டி பாதிக்கு மேல் மிச்சம் வைக்கிறான், அதுதான் பெரிய கவலை."

தப்பே இல்லை அம்மா. ஒரே உலை போதும். டப்பாவில் வைக்கிற அளவும் தொடுகறியும்தான் மாற வேண்டும்.

அளவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கு மத்திய அரசு வகுத்திருக்கிற அளவு இது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். ஆறிலிருந்து எட்டு வரை 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய். எல்லாம் வேகவைப்பதற்கு முந்தைய எடை. அரிசி ஏறும்போது பருப்பும் காயும் கூடவே ஏறுகின்றன, கவனித்தீர்களா? நம் வீட்டில் பிள்ளை வளர வளரச் சோறுதான் ஒரு கரண்டி கூடும். பொரியல் மட்டும் யூகேஜியில் வைத்த அதே ஒரு ஸ்பூன்!

கடைக்குட்டிக்கு வயிறு சின்னது. அண்ணனுக்கு வைப்பதில் பாதி வையுங்கள், மிச்சம் வராது. குழைவாக, கையில் எடுத்து வாயில் போடுகிற மாதிரி இருக்கட்டும். முருங்கைக்காயை அவன் டப்பாவில் போடாதீர்கள், முழு நிலக்கடலையும் வேண்டாம், புரையேறும். பொடித்துச் சேர்க்கலாம். டப்பா மூடியை அவனே திறக்கிறானா என்றும் ஒருநாள் வீட்டில் பாருங்கள். பல பிள்ளைகள் அதனாலேயே சாப்பிடாமல் வருகிறார்கள்.

எனக்குக் கவலை அவனைப் பற்றி இல்லை, நீங்கள் ஒரு வரிகூட எழுதாத மூத்தவளைப் பற்றித்தான். 13 முதல் 15 வயது வரை ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 22 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்றால், பெண்பிள்ளைக்கு 30 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-இல் வெளியிட்ட பரிந்துரை அது. மாதவிடாயில் போவதையும் ஈடுகட்ட வேண்டுமே. வெறும் லெமன் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அதற்குக் காணாது.

இதற்கு வெளியூர்ச் சமையல் எதுவும் தேட வேண்டாம். நம் கூட்டாஞ்சோறு இருக்கிறதே! அரிசி, துவரம்பருப்பு, நாலு காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பாத்திரத்தில். மூத்தவளுக்குக் காயும் கீரையும் தூக்கலாக அள்ளி வையுங்கள், கூட ஒரு அவித்த முட்டை. இன்னொரு நாள் தொலி உளுந்து (தோல் நீக்காத உளுந்து) போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். பெரியவளான பெண்ணுக்கு நம் ஆச்சிமார் உளுந்தாகக் கொடுத்துத் தேற்றினார்களே, அதை அந்தச் சடங்கோடு நிறுத்திவிடுகிறோம்.

கூடவே ஒரு கொய்யாத்துண்டு கட்டாயம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு லேசில் உடம்பில் சேராது, வைட்டமின் சி இருந்தால்தான் நன்றாகச் சேரும். டீ அதைத் தடுக்கும். சாயங்காலம் வந்ததும் டீ குடிக்கிறவள் என்றால், சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். முகம் வெளுத்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் டாக்டரிடம் காட்டி ரத்தம் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையே வந்திருந்தால் சாப்பாடு மட்டும் போதாது.

அப்புறம், ஆறு மணிக்கு வடிக்கிற சோறு பன்னிரண்டரை வரை தாங்க வேண்டும். ஆவி அடங்கும் முன் மூடினால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும். தயிர்ச்சோற்றுக்குப் பாலை நிறைய ஊற்றித் தயிர் கொஞ்சமாகச் சேருங்கள், மதியம் புளிக்காது. சொதி மட்டும் வேண்டவே வேண்டாம். தேங்காய்ப்பால் சித்திரை வெயிலுக்கு நிற்காது. அதை ஞாயிற்றுக்கிழமை வைத்து எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.