முதலில் அந்தச் சிரட்டையை எடுங்கள்

(மார்த்தாண்டத்தில் வியாபாரிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பரவாயில்லை, நான் எப்போதும் சத்தமாகப் பேசுகிறவன்தான். சுகாதார ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவன், அதனால் இங்கே உட்கார்ந்திருக்கிற சிலருக்கு ரசீது கிழித்துக் கொடுத்திருக்கவும் கூடும், அந்தக் கோபத்தில் என் சாயாவில் உப்பைப் போட்டுவிடாதீர்கள்.

குலசேகரம் பக்கம் ஒரு சாயாக்கடை. ரப்பர் பால் வெட்டி முடித்து வந்தவர்கள் பெஞ்சு நிறைய இருந்தார்கள், இரண்டு பேர் கையில் பீடி. பொது இடத்தில் புகைத்ததற்கு ஆளுக்கு 200 ரூபாய் அபராதம் எழுதிவிட்டுக் கிளம்பினேன். கடைக்காரர் கேட்டார்: "சாரே, ரூவா வாங்கினது சரி, நான் என்ன செய்யணும்னு சொல்லலியே?" நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அந்தப் பதிலைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்கிற சட்டம் 2003-இல் வந்தது, இப்போதிருக்கிற விதிகள் 2008 அக்டோபர் 2 முதல். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்காரர்களுக்கு இது இன்னும் பழைய கதை, 1999-இலேயே கேரள உயர் நீதிமன்றம் அந்தப் பக்கம் தடை போட்டுவிட்டது.

நம்மில் பலர் நினைப்பது, புகைக்கிறவன்தான் குற்றவாளி, கடைக்காரனுக்கு என்ன என்று. அப்படி இல்லை. புகைக்க வசதி செய்து கொடுக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. கடைத்தூணில் கட்டித் தொங்குகிறதே ஒரு முழம் கயிறு, நுனியில் கங்கோடு, ஊதினால் சிவக்குமே, அதுதான் முதல் குற்றம். சில கடைகளில் சின்னச் சிம்னி விளக்கும், பக்கத்தில் சிகரெட் அட்டையை நீளநீளமாகக் கிழித்துப் போட்ட டப்பாவும் இருக்கும். இப்போது நூலில் கட்டிய லைட்டர். எல்லாம் ஒன்றுதான். அப்புறம் மேசை மேல் சாம்பல் தட்டுவதற்கு மணல் போட்டு வைத்த சிரட்டை, அதுதான் தேங்காய் ஓடு. சுவரில் பத்துப் போர்டு மாட்டினாலும் வருகிறவர் சிரட்டை சொல்வதைத்தான் கேட்பார். முதலில் அதை எடுங்கள், காசு செலவில்லை.

போர்டு 60 சென்டிமீட்டருக்கு 30, அதாவது இரண்டடிக்கு ஓரடி. வெள்ளைப் பின்னணி, சிவப்பு வட்டம், உள்ளே குறுக்கே கோடு போட்ட சிகரெட் அல்லது பீடி. வாசலில் ஒன்று, மாடி இருந்தால் மாடிக்கு ஒன்று. புகார் யாரிடம் சொல்வது என்று ஒரு ஆளின் பெயரும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். 'நிர்வாகம்' என்று எழுதி ஒளிந்துகொள்ள முடியாது. புகார் வந்தும் நீங்கள் சும்மா இருந்தால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை அபராதம் உங்கள் தலையில்.

முப்பது பேர் உட்காருகிற ஓட்டல் என்றால் புகைக்கத் தனி அறை வைக்கலாம். ஆனால் பின்பக்கம் பிளைவுட் தட்டி அடித்தால் அது அறை ஆகாது. கூரை வரை சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, புகையை நேராக வெளியே தள்ளும் ஃபேன், இதெல்லாம் வேண்டும். அதற்குள் சாயாவும் கொடுக்கக் கூடாது, 2017-இல் திருத்தம் வந்துவிட்டது. செலவுக் கணக்குப் போட்டால் அறையே வேண்டாம் என்றுதான் தோன்றும்.

இனி கஷ்டமான விஷயம். தினமும் வருகிற பெரியவரிடம் எப்படிச் சொல்வது? "பாட்டா, அத வெளிய வச்சு வலிச்சிட்டு வாங்க, சாயா ஆறாம நான் பாத்துக்கிடுகேன்." இதற்குக் கோபப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. மழைதான் தொந்தரவு. நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, வெளியே நின்றவர் பீடியோடு தார்ப்பாய்க்குக் கீழே வந்துவிடுவார். தார்ப்பாயும் கடைதான், அணைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அங்கே பின்வரிசையில் ஒரு அண்ணாச்சி சிரிக்கிறார். பீடி விற்கிறதும் நான், வலிக்காதே என்கிறதும் நானா, அதுதானே? ஆமாம். பெட்ரோல் பங்கில் பெட்ரோல் விற்கிறார்கள், அங்கேயே தீக்குச்சி உரச விடுகிறார்களா?

போர்டு அளவெல்லாம் எழுதிய சீட்டு இந்த மேசையில் இருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். குலசேகரத்துக் கடைக்காரர் கூட்டத்தில் இருந்தால் கையைத் தூக்குங்கள், உங்களுக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.